நீருக்குள் போன ஊரும் ஏட்டில் ஏறாத கல்லும்

வியாபாரிக்கு வருஷத்தில் ஒரு நாள் தப்ப முடியாத வேலை ஒன்று உண்டு. கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு சரக்கு இருப்பு எடுப்பதுதான் அது. ஏட்டில் பத்து அண்டா என்று இருக்கும், பரணில் ஒன்பதுதான் இருக்கும். அந்த ஒன்று எங்கே போயிற்று என்று தெரியும்வரை இராத்தூக்கம் வராது. கணக்குப்பிள்ளையையும் தூங்க விடமாட்டோம்.

நம் நாட்டின் புராதனச் சின்னங்களுக்கும் அப்படி ஒரு இருப்பு எடுத்தார்கள். 2013இல் மத்திய தணிக்கைத் துறை பாதுகாக்கப்பட்ட சின்னங்களை நேரில் போய்ப் பார்த்து, 92 சின்னங்கள் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்று அறிக்கை கொடுத்தது. பிறகு தேடியதில் 42 கிடைத்துவிட்டன. மீதி 50. 2022 டிசம்பரில் கலாசார அமைச்சகம் நாடாளுமன்றக் குழுவிடம் அந்த ஐம்பதுக்கும் கணக்குச் சொன்னது: நகர விரிவாக்கத்தில் போனவை 14, அணை நீர்த்தேக்கங்களில் மூழ்கியவை 12, எங்கே என்றே தெரியாதவை 24. மொத்தச் சின்னங்கள் ஏறத்தாழ 3,700 இருக்கும்போது ஐம்பது என்ன பெரிசு என்று கேட்கலாம். எனக்கு உறுத்தியது அந்தப் பன்னிரண்டு. மற்றவை யாரோ கைவைத்தும் யாரும் கவனிக்காமலும் போயின. இந்தப் பன்னிரண்டை மூழ்கடித்த நீர், அரசே பணம் ஒதுக்கி, அரசே திட்டம் போட்டு, அரசே கட்டிய அணைகளில் தேங்கிய நீர். காப்பவரும் அவரே, மூழ்கடித்தவரும் அவரே.

அணையே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அணை நீர் பாயும் வயலில் விளைந்த அரிசியைத்தான் நாம் எல்லோரும் சாப்பிடுகிறோம். என் கேள்வி வேறு. அரசுப் பணத்தில் ஒரு பெரிய வேலை நடக்கும்போது, அந்த மண்ணில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள், எப்போது பார்க்கிறார்கள்? பார்த்தபின் என்ன செய்கிறார்கள்? இதற்கு நமக்குப் பக்கத்திலேயே, இந்த செகந்திராபாத்திலிருந்து 150 கிலோமீட்டரில், ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. நம் சங்கத்து அன்பர்கள் பலர் குடும்பத்தோடு அங்கே போய்ப் படகேறி, புளியோதரை சாப்பிட்டுவிட்டு வந்திருப்பீர்கள். நாகார்ஜுனகொண்டாவைச் சொல்கிறேன்.

விஜயபுரி

கிருஷ்ணா நதி ஒரு பக்கம், நல்லமலைத் தொடரின் கிளைகள் மூன்று பக்கம் என்று இயற்கையே மதில் கட்டிய பள்ளத்தாக்கு அது. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் இட்சுவாகு மன்னர்களின் தலைநகரமான விஜயபுரி அங்கே இருந்தது. சாதவாகனர்களுக்குப் பிறகு வந்தவர்கள் இவர்கள். சாந்தமூலன், வீரபுருஷதத்தன், எகுவுல சாந்தமூலன், ருத்ரபுருஷதத்தன் என்று நான்கு மன்னர்கள். முதல் சாந்தமூலன் அசுவமேத யாகம் செய்த வைதிகன். அவன் தங்கை சாந்திஸ்ரீயோ புத்தருக்கு மகாசைத்தியம் எழுப்பியவள். விட்டம் 106 அடி. வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் வைப்பதுபோல உள்ளே செங்கல் சுவர்களை ஓட்டி, நடுவில் மண் நிரப்பிக் கட்டிய தூபம். அண்ணன் யாகம் செய்ய, தங்கை தூபம் கட்ட, ஒரே வீட்டுக்குள் சண்டையில்லாமல் இருந்திருக்கிறார்கள். அரண்மனைப் பெண்கள் பலர் பௌத்தத்துக்கு வாரி வழங்கியதைக் கல்வெட்டுகள் வரிசையாகச் சொல்கின்றன. நான் சமணத் தடயம் தேடிப் போனவன்தான். ஆனாலும் அந்தக் கல்வெட்டுகளைப் படித்தபோது வந்த காரியம் மறந்துவிட்டது.

அவற்றில் போதிசிரி என்ற உபாசகி வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று. தான் செய்த தர்மங்களையெல்லாம் பட்டியல் போடுகிறாள். காசுமீரம், காந்தாரம், சீனம், தோசலி, வங்கம், வனவாசி, தாமிரபரணித் தீவு (அதாவது இலங்கை) என்று பல தேசத்து மக்களை அறவழிப்படுத்திய ஆசாரியர்களைச் சொல்லிக்கொண்டே போகிறாள். அந்த வரிசையில் ‘தமிள’ என்ற பெயரும் இருந்ததாகக் கல்வெட்டைப் பதிப்பித்த வோகல் என்ற அறிஞர் படித்தார். அந்த இடத்தில் கல் சிதைந்திருக்கிறது. முதல் எழுத்து நிற்கிறது, மீதியை அறிஞர்கள் ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். ஆகவே இதை வைத்துக்கொண்டு ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்பே ஆந்திரத்தில் தமிழ்ச் சங்கம் இருந்தது என்று யாரும் மேடையில் பேசிவிட வேண்டாம். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் சிங்கள விகாரம் ஒன்று இருந்தது உறுதி. அந்த வழியிலேயே தமிழ்நாட்டவரும் வந்து போயிருப்பார்கள் என்று எண்ணுவதில் பிழையில்லை.

இந்த இடம் வெளியுலகுக்குத் தெரிந்தது 1926இல். அன்றைக்கு அது சென்னை மாகாணம், குண்டூர் ஜில்லா. சென்னைக் கல்வெட்டுத் துறையைச் சேர்ந்த ரங்கசாமி சரஸ்வதி என்பவர் அங்கே தூண்கள் நிற்பதைக் கண்டு சொன்னார். 1927 முதல் 1931 வரை லாங்ஹர்ஸ்ட் தோண்டினார். 1938இல் தோண்டியவர் டி.என். ராமச்சந்திரன். இந்தப் பெயரைச் சொல்லும்போது எங்கள் சமூகத்தார் கை தானாகக் குவியும். காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்து ஜினாலயத்தைப் பற்றி, அதன் ஓவியங்களை ஒவ்வொன்றாக விளக்கி, 1934இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக ஒரு நூல் எழுதினாரே, அவர்தான். ஜினகாஞ்சி ஓவியங்களில் பல பின்னால் மங்கிவிட்டன. அந்தப் புத்தகம் நிற்கிறது.

ஆறு வருஷ அவகாசம்

சுதந்திரம் வந்தது, ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. அணைகளைப் புதுக்காலத்துக் கோயில்களாகப் பேசிய காலம். பள்ளத்தாக்குக்குச் சற்றுக் கீழே கிருஷ்ணாவின் குறுக்கே அணை கட்டுவதென்று முடிவாயிற்று. அணை கட்டினால் விஜயபுரி முழுவதும் நீருக்கடியில். கட்டாவிட்டால் நல்கொண்டாவும் குண்டூரும் வானம் பார்த்த பூமிகளாகவே இருக்கும். இதில் எது பெரிசு என்று இன்றைக்கு உட்கார்ந்து பேசுவது சுலபம். பஞ்சத்தைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு அது.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்தத் தலைமுறை ஒரு காரியம் செய்தது. அணைக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே, 1954லேயே, பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டிப் பார்க்கத் தனி அகழாய்வுத் திட்டம் ஒன்றைத் தொல்லியல் துறை தொடங்கிவிட்டது. ஆர். சுப்ரமணியம் என்பவர் தலைமை. நேரு அடிக்கல் வைத்தது 1955 டிசம்பர் 10. அகழாய்வு 1960 வரை நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தோண்டினார்கள். பௌத்தக் கட்டடங்கள் மட்டுமா? கார்த்திகேயனுக்கும் சர்வதேவனுக்கும் புஷ்பபத்திர சுவாமிக்கும் கோயில்கள், அரிதிக்கு ஒரு கோயில், அசுவமேதம் முடித்து மன்னன் நீராடிய படிக்குளம், ஆற்றங்கரைப் படித்துறைகள், நாற்புறமும் படி வைத்த ஆட்டக்களம், அதற்கும் முன்னால் பெருங்கற்காலக் கல்லறைகள், புதிய கற்காலக் குழிகள், அதற்கும் அடியில் பழைய கற்காலக் கருவிகள். ஒரு பள்ளத்தாக்கின் முழுச் சரித்திரமும் அடுக்கடுக்காக வெளியே வந்தது. தென்னாட்டில் கோயில் கட்டும் கலை எப்படித் தொடங்கியது என்று பேசுகிறவர்கள் விஜயபுரியைத் தொடாமல் போக முடியாது. அணை வராமல் இருந்திருந்தால் இதில் கால்வாசிகூட இன்றுவரை தோண்டியிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அவசரம்தான் வேலை வாங்கியது.

தோண்டிய பிறகு, தேர்ந்தெடுத்த ஒன்பது கட்டடங்களைக் கல்லுக்குக் கல் எடுத்துப் பக்கத்துக் குன்றின் உச்சியில் மீண்டும் கட்டினார்கள். இன்னும் பதினான்குக்குப் பெரிய மாதிரிகள் செய்து வைத்தார்கள். ஆட்டக்களத்தையும் சில விகாரங்களையும் வலது கரையில் அனுப்பு என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். குன்றின்மேல் அருங்காட்சியகம் 1966இல் திறந்தது. 1967 ஆகஸ்டில் அணையிலிருந்து கால்வாய்களுக்குத் தண்ணீர் திறந்தார்கள். குன்று தீவாயிற்று.

எகிப்தில் அசுவான் அணைக்காக அபு சிம்பல் கோயில்களை அறுத்து உயரத்தில் வைத்தார்களே, உலகமே பேசியதே, அது 1964 முதல் 1968 வரை. நம் ஆள்கள் அதற்குப் பத்து வருஷம் முன்பே இங்கே மண்வெட்டி எடுத்துவிட்டார்கள். 1961-62இல் பி.பி. லால் தலைமையில் இந்தியக் குழு ஒன்று அந்த நூபியப் பகுதிக்கே போய் அகழாய்வு செய்துகொடுத்ததும் உண்டு. இது நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை.

இனிக் குறையைச் சொல்கிறேன். நான் 1981இல் பிழைப்புக்காக இந்த ஊருக்கு வந்தவன். மூன்று வருஷம் கழித்து முதல்முறை அந்தத் தீவுக்குப் போனேன். அப்புறம் எத்தனையோ தடவை போயாயிற்று. எங்கள் ஆசாரப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், கடைசிப் படகுக்கு முந்தின படகிலேயே எப்போதும் திரும்பிவிடுவேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். குன்றின்மேல் நீராடுதுறைப் படிகள் இருக்கின்றன. கல் அசல், அடுக்கியதும் சரியான அளவு. ஆனால் படி இறங்கினால் ஆறு இல்லை, புல்தரை. பழைய ஆறும் பழைய துறையும் அதற்குப் பல நூறு அடிக்குக் கீழே. ஒரு துறையைத் துறையாக்குவது கல்லா, ஆறா? மகாசைத்தியத்தைப் பார்த்தாலும் இதே குழப்பம்தான். எந்த மலையை நோக்கி நின்றது, ஊருக்கு எந்தப் பக்கம் இருந்தது, விகாரத்திலிருந்து கோயிலுக்கு எத்தனை தூரம் நடந்தார்கள், இதெல்லாம் பெயர்த்துக் கொண்டுவர முடியாத சரக்கு. வரைபடத்தில் மட்டும் இருக்கும்.

அந்த வரைபடமாவது உடனே கைக்கு வந்ததா என்றால், அங்கேதான் எனக்குக் கோபம். 1960இல் முடிந்த அகழாய்வின் முதல் தொகுதி, கற்காலம் பற்றியது, 1975இல் வந்தது. இட்சுவாகு காலம் பற்றிய இரண்டாம் தொகுதி, கே.வி. சௌந்தரராஜன் முயற்சியில், 2006இல்தான் அச்சாயிற்று. நாற்பத்தாறு வருஷம்! தோண்டியவர்களில் எத்தனை பேர் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்? ஓர் இடத்தைத் தண்ணீரில் விட்டபிறகு அந்த அறிக்கைதான் அந்த இடம். ஏடு எழுதாமல் சரக்கைக் கப்பலேற்றியவன் கதையாகிவிட்டது. அணை கட்டப் பன்னிரண்டு வருஷம், அறிக்கை எழுத அதைப்போல நாலு பங்கு. அணைக்குத் தேதி குறித்த அரசு அறிக்கைக்குத் தேதி குறிக்கவில்லை.

ஸ்ரீசைலமும் மற்றதும்

அதே கிருஷ்ணாவில் மேலே போனால் ஸ்ரீசைலம் அணை. அங்கே 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நூறு கிராமங்கள் காலி செய்யப்பட்டன. கூடவெல்லி சங்கமேசுவரர் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து ஆலம்பூருக்குக் கொண்டுவந்து கட்டினார்கள். ரூபால சங்கமேசுவரர் கர்நூலில் ஜகந்நாத கட்டு என்ற மேட்டுக்கு வந்தார். ஆலம்பூரில் இருக்கும் நவபிரம்மா கோயில்கள் சாளுக்கியர் காலத்தவை, கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டு. அவற்றைப் பெயர்க்காமல், தேங்கும் நீர் ஊருக்குள் வராதபடி பெரிய தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். துங்கபத்திரைக் கரையில் நின்று பாருங்கள், சுவருக்கு இந்தப் பக்கம் கோயில்கள் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பதுபோலத் தோன்றும். நதியைப் பார்த்து நின்ற கோயில்கள் சுவரைப் பார்த்து நிற்கின்றன. ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நாகார்ஜுனகொண்டாவையும் இதையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இந்த வழிதான் மேல் என்று படுகிறது. எல்லா இடத்திலும் முடியாது என்பதும் தெரியும்.

அதே நீர்த்தேக்கத்தில், பெயர்க்காமல் விட்ட சங்கமேசுவரம் இன்னொரு விதம். அங்கே மூலவர் மரத்தாலான இலிங்கம். வேம்பு என்பார்கள். வருஷத்தில் பல மாதம் நீருக்குள், கோடையில் நீர் இறங்கும்போது வெளியே. சேறு கழுவி, பூசை செய்து, மறுபடி நீர் ஏறும்போது கடைசி ஆரத்தி காட்டிவிட்டு வருகிறார்கள். நம் ஊரிலும் இதுண்டு. மேட்டூரில் நீர் குறையும்போது ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரமும் தலை காட்டும். பவானிசாகரில் தணாயக்கன் கோட்டை மாதவப்பெருமாள் கோயில் அப்படித்தான். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துப் போடுவார்கள், நாமும் பார்த்து அதிசயப்படுவோம். மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அன்றைக்கு அந்தப் பள்ளத்தில் என்னென்ன கல்வெட்டு இருந்தது என்று விஜயபுரியைப்போல ஆறு வருஷம் யாரும் மண்ணைச் சல்லடை போட்டுப் பார்க்கவில்லை.

வெள்ளைக்காரன் காலம் மட்டும் யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். 1850களில் லாகூரிலிருந்து மூல்தானுக்கு ரயில் பாதை போட்டபோது, அரப்பா மேட்டிலிருந்து செங்கல்லை அள்ளித் தண்டவாளத்துக்கடியில் கொட்டினார்கள். நூறு மைல் பாதைக்குப் போதுமான செங்கல் அங்கிருந்து போயிற்று என்று கன்னிங்ஹாம் எழுதிவைத்தார். அது கம்பெனி ரயில்தானே என்பீர்கள். அந்தக் கம்பெனிகளின் முதலுக்கு 5 சதவீதம் வட்டிக்கு அரசு ஜாமீன் நின்றது. நஷ்டம் வந்தால் இந்தியக் குடியானவன் தலையில். ஆக அதுவும் அரசுப் பணம்தான். அமராவதியில் இன்னும் வேடிக்கை. 1880இல் சென்னைக் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு, தூபத்தைச் சுத்தம் செய்யச் சொல்லி உத்தரவு போட்டார். நல்ல எண்ணம்தான். சுத்தம் செய்து முடித்தபோது, நடுவில் மிச்சமிருந்த தூபமும் சேர்ந்து சுத்தமாகிவிட்டது. மறு வருஷம் வந்த பர்ஜஸுக்கு வெறும் பள்ளம்தான் கிடைத்தது.

பட்டியலில் இருந்தால்தான் உயிர்

சட்டம் இல்லாமலில்லை. 1958ஆம் வருஷத்துப் புராதனச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. 2010இல் அதைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும் என்று கடுமையாக்கினார்கள். அரசின் வேலைகளுக்கும் இது பொருந்தும் என்பதால் சாலை, ரயில், மேம்பாலக்காரர்களுக்குத் தலைவலி. ஆக்ரா பக்கம் சிக்கந்தராவில் அக்பர் சமாதிக்கு முன்னால் உயர்மட்டச் சாலை போடத் தடையாயிற்று. மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு மட்டும் விலக்குத் தரலாம் என்று ஒரு மசோதா கொண்டுவந்து, 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேற்றினார்கள். மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை.

ஆனால் என் கவலை நூறு மீட்டரா, ஐம்பது மீட்டரா என்பதல்ல. இந்த மீட்டரெல்லாம் பட்டியலில் இருக்கும் சின்னத்துக்குத்தான். மத்திய அரசுப் பட்டியலில் 3,700, மாநிலப் பட்டியல்களில் இன்னும் சில ஆயிரம். இவ்வளவு பெரிய தேசத்துக்கு இதுதானா? சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் விண்ணப்பத்திலும் 15 கிலோமீட்டருக்குள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இடம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். பாதுகாக்கப்படாதது கேள்விக்குள்ளேயே வராது. ஊர்ச்சாலைகளுக்கு அந்த விண்ணப்பம்கூட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1966இல் ஒரு சட்டம் போட்டார்கள். மத்திய அரசின் பணம் ஒரு திட்டத்துக்குப் போகுமானால், அந்தப் பணத்தைக் கொடுக்குமுன், அங்குள்ள பழைய இடங்களுக்கு என்ன ஆகும் என்று அந்த இலாகாவே ஆராய்ந்தாக வேண்டும். பட்டியலில் ஏறியதை மட்டுமல்ல, ஏறத் தகுதியுள்ளதையும் பார்க்க வேண்டும். ‘ஏறத் தகுதியுள்ளது’ என்ற அந்த ஒரு சொல் நம் சட்டத்தில் இல்லாததால் எத்தனை கல் போயிற்று என்று கணக்கெடுக்க ஆளில்லை. நாகார்ஜுனகொண்டாவில் எந்தச் சட்டக் கட்டாயமும் இல்லாமல் மனம் வைத்துச் செய்தார்கள். அங்கே இருப்பது என்ன என்று 1926லிருந்தே தெரியும். அதனால் செய்தார்கள்.

சமணச் சின்னங்களுக்கு இதில் தனிக் கஷ்டம் உண்டு. எங்கள் முன்னோர் பெரிய கோபுரங்களை அதிகம் விட்டுப்போகவில்லை. குன்று, குகை, கல்படுக்கை, பாறையில் ஒரு தீர்த்தங்கரர், கீழே இரண்டு வரி எழுத்து. வடார்க்காட்டிலிருந்து மதுரைவரை இதுதான். குன்று என்றால் இன்றைக்கு ஜல்லி. சாலைத் திட்டம் குன்றைத் தொடாது. ஆனால் சாலைக்கு வேண்டிய ஜல்லி ஏதோ ஒரு குன்றிலிருந்துதானே வரவேண்டும்? திட்ட அறிக்கையில் சாலை மட்டும் இருக்கும், குன்று இருக்காது. மதுரைப் பக்கம் கிரானைட் வெட்டியதால் சமணக் குன்றுகள் பட்ட பாடு ஊரறிந்தது. அரிட்டாபட்டியில் தமிழ்ப் பிராமி எழுத்தும் தீர்த்தங்கரரும் உள்ள மலையை 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் அந்த வட்டாரத்தையே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது. முன்னது மாநில அரசு, பின்னது மத்திய அரசு. சுற்றுவட்டார ஜனங்கள் திரண்டு எழுந்ததால் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. அங்கே எழுத்து இருப்பது வெளியே தெரிந்திருந்தது, ஊராரும் விடவில்லை, தப்பித்தது.

தெரியாமல் போனதற்கு ஒன்று சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கே வெட்கம்.

எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில், புளியமரத்தடியில், உட்கார்ந்த நிலையில் ஒரு தீர்த்தங்கரர். மூன்றடி உயரம், தலைக்கு மேல் முக்குடை. ஊரில் மற்றவர்கள் மொட்டைச்சாமி என்பார்கள். மாடு மேய்க்கிற பையன்கள் அதில் தூக்குச்சட்டியை மாட்டிவைப்பார்கள். எங்கள் பாட்டி வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு வைத்துவிட்டு வருவாள். பீடத்தில் இரண்டு வரி எழுத்து இருந்தது. கல்வெட்டு வாசிக்க நானாகப் படித்துக்கொண்டது என் முப்பத்தைந்து வயதுக்குமேல். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் அதை மைப்படி எடுக்க வேண்டும் என்று நினைப்பேன். ‘ஸ்ரீ’ என்று தொடங்கியது தெரியும். நடுவில் ‘பள்ளி’ என்று ஒரு சொல் விரலுக்குத் தட்டுப்பட்டது. மை இருந்தால் காகிதம் இராது, இரண்டும் இருந்தால் கல்யாணக் கூட்டம். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று பதினெட்டு வருஷம்.

2012இல் அந்தச் சாலையை அரசுப் பணத்தில் அகலப்படுத்தினார்கள். நான் போனபோது புளியமரம் இல்லை. பகவான் ஏரிக்குள் குப்புறக் கிடந்தார். முக்குடை உடைந்திருந்தது. பீடம் தனிக்கல், அதைக் காணோம். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளரைக் கேட்டேன். மரியாதையான பிள்ளை, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எஸ்டிமேட்டைப் பிரித்துக் காட்டினார்.

“ஐயா, பாருங்க. புளியமரம் பதினேழு, எடுத்திருக்கோம். மின்கம்பம் ஆறு, கைப்பம்பு ரெண்டு, மாரியம்மன் கோயில் ஒண்ணு. அதைத் தொடவே இல்ல, சாலையையே வளைச்சிட்டோம். நீங்க சொல்ற சாமி இதுல இல்லீங்களே. யாராவது ஒரு மனு குடுத்திருந்தாகூட ஒதுக்கி வெச்சிருப்போம்.”

அவர் பொய் சொல்லவில்லை. மனு கொடுக்க வேண்டியவன் நான். கொடுக்கவில்லை. படித்திருக்க வேண்டியவனும் நான்தான். அந்தப் பள்ளி எந்தப் பள்ளி, யார் காலம், யார் கொடை? அந்த இரண்டு வரியில் இருந்தது எனக்குத் தெரியாது, இனி யாருக்கும் தெரியாது. பீடம் சாலைக்கடியில் போட்ட சிறுபாலத்தின் பக்கச் சுவரில் சேர்ந்திருக்கும் என்று கொத்தனார் ஒருவர் சொன்னார். எழுத்துள்ள பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் வெளியே இருந்து தெரியாது. டார்ச் அடித்து மூன்று முறை பார்த்துவிட்டேன்.

பகவானை ஊரார் உதவியோடு நிமிர்த்தி எங்கள் ஜினாலயத்துப் பிராகாரத்தில் வைத்திருக்கிறோம். வேளாவேளைக்கு அபிஷேகம் நடக்கிறது. ஏரிக்கரையில் எதைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பதை மட்டும் நான் ஞாபகத்திலிருந்து எழுதிவைத்தேன்: வடக்கு, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து.

அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பதினோரு ஊர்களில் எந்தப் பட்டியலிலும் இல்லாத கற்கள் 43 இதுவரை ஏறியிருக்கின்றன. சமணம் மட்டுமல்ல, நடுகல் உண்டு, கொற்றவை உண்டு, ஏரித் தூம்பில் எழுத்துள்ள கல் உண்டு. நம் சங்கத்தில் தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், தருமபுரிக்காரர் எல்லோரும் இருக்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். நாலு வழிச் சாலை, குடிநீர்க் குழாய், காற்றாலை என்று ஏதாவது ஒரு வேலை எந்த ஊருக்கும் வந்துகொண்டேதான் இருக்கிறது. போகிறவர்கள் ஒரு மரத்தடிக் கல்லையாவது பார்த்து, உயரம், அகலம், எந்தத் திசை நோக்கியிருக்கிறது, புல எண் என்ன, எழுத்து உண்டா என்று குறித்துக்கொண்டு, கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்து வாருங்கள். எழுத்து இருந்தால் வெயில் சாய்வாக விழும் காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ எடுங்கள், உச்சிவெயிலில் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் தடவ வேண்டாம். வி.ஏ.ஓ.வுக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் ஒரு மனு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரை எஸ்டிமேட் போடுகிற நாளைக்கு உதவும். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கத்து வாசகசாலையில்தான் இருப்பேன். நோட்டில் இன்னும் நூற்றைம்பது பக்கம் காலியாக இருக்கிறது.